ஒரு நாள் அவகாசம்

பச்சையம்மன் துணை

ஜெயிலிலிருந்து,
18-1-2024

அன்புத் தங்கை கலையரசிக்கு அண்ணன் வேடியப்பன் எழுதுவது.

நான் உயிரோடும், உடம்பில் பெரிய குறை இல்லாமலும் இருக்கிறேன். முதலில் அதைத் தெரிந்துகொள். நீ, மாப்பிள்ளை ஜெயச்சந்திரன், பாப்பா தமிழ்ச்செல்வி மூன்று பேரும் சுகமாக இருக்க வேண்டும். என் வீட்டுக்காரி அம்மணிக்கும் இதைப் படித்துக் காட்டு. அவளுக்குத் தனியாக எழுதினால் படித்துச் சொல்ல ஆள் தேடிக்கொண்டு காலனி முழுக்க அலைவாள், விஷயம் ஊருக்கே தெரிந்துவிடும். இந்நேரம் தெரிந்துதான் இருக்கும், அது வேறு.

ஆந்திராவில் புளியமரம் வெட்டுகிற வேலை, பத்து நாள், சோறு அவர்களே போடுவார்கள் என்று சொல்லித்தான் எங்கள் எட்டுப் பேரையும் வேனில் ஏற்றினார்கள். சித்தூர் தாண்டி இறக்கிவிட்ட இடத்தில் புளியமரம் ஒன்றுகூட இல்லை. மலை முழுக்கச் செம்மரம். திரும்பிப் போகிறோம் என்றோம். அதற்குள் வேன் போய்விட்டது. கார்த்திகை தீபம் முடிந்து மூன்றாம் நாள் பொழுது சாயும் நேரத்தில் காட்டு இலாகாக்காரர்கள் வந்து வளைத்துக்கொண்டார்கள். மற்றவர்கள் இரண்டு மரம் சாய்த்திருந்தார்கள். நான் ஒன்றையும் வெட்டவில்லை. அதைச் சொன்னேன். என் தமிழ் அவர்களுக்குப் புரிந்தது, காதில்தான் ஏறவில்லை. கையெழுத்து வாங்கின தாளெல்லாம் தெலுங்கு.

இங்கே போன் பேச விடுகிறார்கள். ஆனால் நம்பர் யார் பேரில் இருக்கிறதோ அவருடைய ஆதார் கேட்கிறார்கள். உன் போன் மாப்பிள்ளை பேரில் இருக்கிறது. அவருக்கு எதற்கு வீண் சிரமம்? கடிதமே போதும். நாம் எழுதுவதை இங்கே படித்துப் பார்த்துத்தான் விடுவார்கள், அதனால் யார் கூட்டிக்கொண்டு போனது, எவர் சொல்லிப் போனாய் என்றெல்லாம் கேட்டு எழுதாதே.

புளி உலுக்குகிற காலம் வந்துவிட்டது. நம் மூன்று மரத்தில் கிழக்கு மரத்தை முதலில் உலுக்கச் சொல். அணில் அதில்தான் அதிகம்.

இப்படிக்கு,
உன் அண்ணன் வேடியப்பன்


ஆரணி,
2-2-2024

அண்ணனுக்குக் கலை எழுதுவது.

இங்கே எல்லோரும் சாப்பிடுகிறோம், நடமாடுகிறோம். அதற்குப் பேர் சுகம் என்றால் சுகம்தான். உன் உடம்பைப் பார்த்துக்கொள். முட்டி வலிக்குத் தைலம் கொடுத்தால் ஜெயிலில் வாங்கிக்கொள்வார்களா என்று எழுது.

ஐம்பது நாள் ஒரு சேதியும் இல்லை. நானும் அண்ணியும் ஸ்டேஷனுக்கும் ஆஸ்பத்திரிக்குமாக அலைந்தோம். அண்ணி பச்சையம்மன் கோயிலில் போய், "எங்கயாவது உயிரோட கீறாருன்னு மட்டும் சொல்லு தாயே"ன்னு தலையை முட்டிக்கொண்டாள். உன் கடிதத்தைப் படித்துக் காட்டினதும் சிரித்தாள், அப்புறம் ஒரு மணி நேரம் அழுதாள். கிழக்கு மரத்தை உலுக்கியாகிவிட்டது.

கடிதம் வந்தபோது நான் வேலையில் இருந்தேன். அவர்தான் பிரித்துப் படித்திருக்கிறார். நான் வந்ததும் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டார். எனக்கு என்ன வயிற்றெரிச்சல் என்றால், அவர் பதினைந்து வருஷமாக மரத் தரகு பண்ணுகிறார். பெர்மிட் இல்லாமல் ஒரு வேப்பங்கட்டையைக்கூட லாரியில் ஏற்றமாட்டார். அவருக்கு எத்தனை மரம் வெட்டிக் கொடுத்திருப்பாய் நீ! அப்படிப்பட்ட ஆளுக்கே தெரியாமல் எவனோ ஒரு பாவி உன்னைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறான்.

ராத்திரி சாப்பாட்டில் நான் அழுதுகொண்டே இருந்தேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "சும்மா அயுதுகினே இருந்தா ஆச்சா? போன எடத்துல கற்பூரம் கொளுத்திகினு குந்தியிருந்தா மாட்டாம இன்னா பண்ணுவான் உங்க அண்ணன்?" என்றார். அவருடைய வழக்கமான கிண்டல்தானே. அப்பா மாதிரி நீயும் முதல் நாள் சாயங்காலமே மரத்தடியில் கற்பூரம் ஏற்றி, "நாளைக்கு வெட்டப் போறோம், இருக்கறவங்க எல்லாம் போயிடுங்க" என்று சொல்லிவிட்டு, மறுநாள்தான் கோடாலி வைப்பாய். ஒரு நாள் கூலி வீண் என்று அவர் உன்னைத் திட்டாத திட்டா? அதனால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நான் குமாஸ்தா வேலை பார்க்கிற வக்கீல் சுபத்ரா அம்மா உன் கேஸை எடுத்துக்கொண்டார். அந்தப் பக்கத்தில் அவருக்குத் தெரிந்த வக்கீல் ஒருவர் ஆஜராவார். உன்னைக் கூட்டிக்கொண்டு போனவன் யார்? கேட்காதே என்றால் கேட்காமல் இருப்பேனா?

கலையரசி


பச்சையம்மன் துணை

6-3-2024

தங்கை கலைக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. உடனே எழுத முடியவில்லை. காய்ச்சல் ஒன்றும் இல்லை. முட்டி பரவாயில்லை, தைலம் அனுப்பாதே. பாப்பா பரீட்சை எப்படி எழுதுகிறாள்?

மாப்பிள்ளை சொன்ன கிண்டலை நீ பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் இருந்ததே நல்லது. இனிமேலும் அதை யாரிடமும் சொல்லிக்கொண்டு இருக்காதே. குடும்பம் என்றால் நாலு பேச்சு வரும், போகும்.

இங்கே ஒரு வார்டர் ஆற்காட்டுத் தமிழ் பேசுகிறார். அவர்தான் உன் கடிதத்தைப் படித்து முத்திரை போட்டுக் கொடுத்தார். "உன் தங்கச்சி நல்லா கோவமா எழுதுதுபா" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. முற்றத்தில் ஒரு வேப்பமரம் இருக்கிறது. அதன் அடியில்தான் பகலெல்லாம் உட்கார்ந்திருக்கிறோம். என்னோடு பிடிபட்ட பழனி, மலைக்காரர், "இது யாரு மரம்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். எல்லாம் சர்க்கார் மரம் என்றால் சர்க்கார் எப்போது நட்டது என்கிறார். நீ சட்டம் டைப் அடிக்கிறவள்தானே, கேட்டுச் சொல்.

வக்கீலம்மாவுக்கு என் கும்பிடு. அவர்களைச் சிரமப்படுத்தாதே.

அண்ணன்
வேடியப்பன்


ஆரணி,
19-3-2024

அண்ணா,

பாப்பா நன்றாக எழுதுகிறாள். மாமா எப்போது வரும் என்று கேட்கிறாள். அண்ணிக்கு நெஞ்சுச் சளி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன், இப்போது தேவலாம். உன் சாப்பாடு எப்படி? ஒரு வரி அதைப் பற்றி எழுத மாட்டாயா?

யார் மரம் என்று பழனி கேட்டதை நான் சுபத்ரா அம்மாவிடம் கேட்டேன். அவர் ஒரு பழைய தடிப் புத்தகத்தை எடுத்துப் போட்டார். 1882இல் வெள்ளைக்காரன் மதராஸ் மாகாணத்துக்குப் போட்ட காட்டுச் சட்டம். அப்போது சித்தூரும் நம் ஆரணியும் வட ஆற்காடு என்கிற ஒரே ஜில்லாவாம். கலெக்டர் உட்கார்ந்ததே சித்தூரில்தானாம். நீ பிடிபட்ட மலைக்கும் நம் ஊர் மேய்ச்சல் மலைக்கும் ஒரே சட்டம். பிறகு ஆந்திரா தனியாகச் சட்டம் போட்டாலும் எலும்பெல்லாம் அதுதான் என்கிறார். ஒரு மலையை ரிசர்வ் காடு ஆக்க வேண்டுமானால் அறிவிப்புக் கொடுப்பார்கள். அங்கே ஆடு மாடு மேய்க்க, விறகு எடுக்க, வழி நடக்க எங்களுக்கு உரிமை உண்டு என்கிறவர்கள் மூன்று மாதமோ என்னவோ, சொன்ன கெடுவுக்குள் வந்து சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் உரிமை போச்சு. கெஜட்டில் போட்டதை நம் கொள்ளுத்தாத்தா எங்கே போய்ப் படிப்பார்? மலை அப்படித்தான் கை மாறியிருக்கிறது. இன்னொன்றும் இருக்கிறது. மரம் பிடிபட்டால் அது சர்க்கார் மரம் என்றே கோர்ட் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று காட்ட வேண்டியது பிடிபட்டவன் பொறுப்பு. டைப் அடிக்கும்போது எனக்குக் கை எரிந்தது.

இப்போது உன் விஷயம். ஜாமீன் கேட்டோம். நிலம் வைத்திருக்கிற ஆள் ஜாமீன்தாரராக வர வேண்டும் என்கிறார்கள். நம் டிரங்குப் பெட்டியில் இருந்த மரப்பட்டாவை எடுத்துக்கொண்டு ஓடினேன். சுபத்ரா அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கலை, மந்தைவெளிப் புறம்போக்குல இருக்கற மூணு புளியமரத்துல காய் பறிக்க உங்க அண்ணனுக்கு உரிமை. கீழ இருக்கற மண்ணு ஒரு பிடிகூட உங்களுது இல்ல. இத கோர்ட்ல காட்ட முடியாதும்மா" என்றார். அப்பா நட்டு, அம்மா குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றின மரம். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஒரு வழிதான் இருக்கிறது என்கிறார். நீங்கள் ஏமாற்றிக் கூட்டிப் போகப்பட்ட கூலி ஆட்கள் என்று நிரூபித்தால் கோர்ட் இரங்கும். அதற்கு ஏஜென்ட் யார் என்று நீ சொல்ல வேண்டும். பேர் சொல்லு அண்ணா.

இனிமேல் கவரின் மேல் எழுதியிருக்கிற ஆபீஸ் விலாசத்துக்கே எழுது. வீட்டுக்கு வந்தால் எனக்கு முன்னால் அவர் பிரித்துவிடுகிறார்.

கலை


பச்சையம்மன் துணை

22-4-2024

தங்கைக்கு,

இங்கே சாப்பாடு பரவாயில்லை. காரம்தான் கண்ணில் தண்ணீர் வரவைக்கிறது. அம்மணிக்கு நெஞ்சுச் சளி என்றால் வெறும் வயிற்றில் வேலைக்குப் போகிறாள் என்று அர்த்தம். கண்டித்து வை.

நீ எழுதினதை எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். மூன்று மாதம் கெடு என்றதும் பழனி சிரித்துவிட்டார். நாம் மரத்துக்கு ஒரு நாள்தான் கொடுக்கிறோம். ஆனால் மரத்தண்டை போய்ச் சொல்கிறோம் இல்லையா?

பேர் கேட்டாய். எனக்குத் தெரியாது. வேனில் வந்தவன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. மற்றவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வோர் ஊர், அவர்களை வேறு வேறு ஆள் பிடித்திருக்கிறார்கள், அவர்களைக் கேட்டும் பிரயோஜனம் இல்லை.

மாப்பிள்ளை உன்னை நல்லபடியாக வைத்திருக்கிறாரா? பாப்பா மேல் அவருக்கு உயிர் என்பது எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துக்கு இன்னும் அவர்தானே வண்டியில் கொண்டுபோய் விடுகிறார்? அப்படியே இருக்கட்டும்.

வேடியப்பன்


ஆரணி,
7-5-2024

அண்ணா,

உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கக்கூட இன்றைக்கு எனக்கு மனசு இல்லை. இருந்தாலும் கேட்கிறேன். எப்படி இருக்கிறாய்?

உனக்குத் தெரியாதா? தெரியாமலா வேனில் ஏறி, எவன் வேன் என்றுகூடக் கேட்காமல் சித்தூர் வரை போனாய்? உனக்கு நாற்பத்தொரு வயது. கடையில் தேங்காய் வாங்கினால் நாலு தட்டுத் தட்டிப் பார்க்கிற ஆள். யாரிடம் கதை விடுகிறாய்?

அண்ணி கல் உடைக்கப் போகிறாள். இந்த வெயிலில்! வருவாய் ஆய்வாளர் வந்து, மரப்பட்டாக்காரர் நேரில் வந்து கையெழுத்துப் போடாவிட்டால் மூன்று மரத்தையும் வேறு ஆளுக்கு மாற்ற மனு வந்திருக்கிறது, நான் என்ன செய்ய முடியும் என்று சொல்லிவிட்டுப் போனார். ஜூலை வரை தவணை கேட்டு நானே மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். நீ இங்கே இல்லாத ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒன்று கை விட்டுப் போகிறது. நீயோ அங்கே வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டு எவனோ ஒரு அயோக்கியனுக்காக வாயை மூடிக்கொண்டிருக்கிறாய். அவன் உனக்கு மாமனா மச்சானா?

குற்றப்பத்திரிகை வந்துவிட்டதாம். தெலுங்கில் இருக்கிறது. அந்தப் பக்கத்து வக்கீல் தமிழில் எழுதி அனுப்புகிறார். நான்தான் டைப் அடிக்க வேண்டும்.

கோபத்தில் எழுதிவிட்டேன். கிழிக்கவும் மனசில்லை. அப்படியே அனுப்புகிறேன்.

கலை


ஆரணி,
25-5-2024

அண்ணா,

உன் பதில் வருவதற்குள் இதை எழுதுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

குற்றப்பத்திரிகையை நேற்று டைப் அடித்தேன். பிடிபட்ட பொருள்கள்: கோடாலி எட்டு, ரம்பம் இரண்டு, அரிசி, உப்பு, மிளகாய்த்தூள், தண்ணீர்க் கேன், கற்பூரப் பொட்டலம் ஒன்று. அதற்கு அடுத்த பக்கத்தில், 'மரத்தடியில் கற்பூரம் எரியும் வெளிச்சத்தைக் கண்டு அவ்விடம் சென்றோம்' என்று இருக்கிறது.

நீ அங்கேயும் ஏற்றியிருக்கிறாய். ஒரு நாள் அவகாசம் கொடுத்திருக்கிறாய். அதனால்தான் நீ ஒரு மரமும் வெட்டவில்லை, அதனால்தான் எட்டுப் பேரும் மாட்டிக்கொண்டீர்கள். இதை நீ எனக்கு ஒரு கடிதத்திலும் எழுதவில்லை. நேற்றுவரை ஆரணியில் யாருக்கும் தெரியாது.

பிப்ரவரியில் ராத்திரிச் சாப்பாட்டில் கற்பூரம் என்றாரே, அவருக்கு எப்படித் தெரிந்தது?

ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தை எழுது. நான் வேறு ஒன்றும் கேட்கவில்லை.

கலை


பச்சையம்மன் துணை

14-6-2024

தங்கைக்கு,

இங்கே மழை ஆரம்பித்துவிட்டது. முற்றத்து வேம்பில் பழம் உதிர்கிறது. நான் சுகம். பழனிக்குக் காது வலி, மருந்து கொடுத்தார்கள்.

அம்மணியைக் கல் உடைக்கப் போக வேண்டாம் என்று சொல். மரம் போனால் போகட்டும். நம்முடையது என்று நாம்தான் சொல்லிக்கொண்டு இருந்தோம்.

எனக்கு இரண்டு வருஷமோ மூன்று வருஷமோ ஆகும் என்கிறார்கள். ஆகட்டும். நான் மரம் ஏறுகிறவன், எனக்கு எங்கேயும் பழகிவிடும். உனக்கு ஒரு வீடு இருக்கிறது, பாப்பாவுக்கு ஒரு அப்பா இருக்கிறார். ஒரு குடும்பத்தில் ஒருத்தன் உள்ளே இருந்தால் போதும் கலை. இரண்டு பேர் வேண்டாம்.

இனிமேல் கேஸ் பற்றி எழுதாதே. பாப்பா எத்தனாவது ரேங்க் என்று எழுது.

அண்ணன்


ஆரணி,
16-7-2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும். பாப்பா இரண்டாவது ரேங்க். அண்ணியை ஒரு வாரமாக என்னோடு கொண்டுவந்து வைத்துக்கொண்டேன். இருமல் நின்றிருக்கிறது. இதை நீ உட்கார்ந்துகொண்டு படி.

உன் கடிதம் கைக்கு வந்து ஒரு வாரம் அதை யாருக்கும் காட்டவில்லை. ஆமாம் என்று நீ எழுதவில்லை. எழுதியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. பிறகு சுபத்ரா அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கணவன் மனைவியிடம் தனியாகச் சொன்னதைக் கோர்ட் சாட்சியாக எடுக்காதாம். அதுவும் அந்தக் காலத்துச் சட்டம்தானாம். ஆனாலும் உன் கேஸை விசாரிக்கிற அதிகாரியிடம் நான் வாக்குமூலம் கொடுத்தால் அவர்கள் அந்த வழியில் தேடலாம் என்றார். "நல்லா யோசிச்சுக்கோ. இது திரும்பி வர முடியாத வழி" என்றார். திங்கட்கிழமை சாயங்காலம் போவதென்று முடிவு செய்தோம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பாப்பாவை அண்ணியோடு கோயிலுக்கு அனுப்பிவிட்டு அவரிடம் சொன்னேன். சொல்லாமல் போயிருக்கலாம். முடியவில்லை.

"நாளைக்கு சாயங்காலம் நான் போயி உங்க பேரச் சொல்லப் போறேன்" என்றேன்.

அவர் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டு இருந்தார். பாதியில் கை நின்றுவிட்டது. "யாரு சொன்னது? உங்க அண்ணனா?"

"அண்ணன் ஏழு மாசமா வாயத் தொறக்கல. அதான் நான் தொறக்கறேன்."

அவர் உட்கார்ந்துவிட்டார். கத்துவார், கை ஓங்குவார் என்றெல்லாம் நினைத்திருந்தேன். ஒன்றும் இல்லை. "லாரி லோடு ரெண்டு வருசமா படுத்துப் போச்சு கலை. நல்ல கோடாலிக்காரனா ஒரு ஆளக் குடுன்னு கேட்டாங்க. பத்து நாளு, போயிட்டு வந்துடுவான்னு நெனச்சேன். அவன் ஒருத்தனத்தான் அனுப்பினேன். சத்தியமா எனக்கும் இப்படி ஆவும்னு தெரியாது" என்றார்.

"செம்மரம்னு தெரியுமா தெரியாதா?"

அவர் குனிந்து, விட்ட பொத்தானை மறுபடி போட ஆரம்பித்தார்.

"தெரிஞ்சுகினேதான் புளியமரம்னு சொன்னீங்க. என்கூடவே குந்திகினு சோறு துன்னுகினு, எவனோ ஒரு பாவி கூட்டிகினு போயிட்டான்னு நான் அழுவும்போது பாத்துகினே இருந்தீங்க." பிறகு, "எங்க அப்பா மரத்துக்கே ஒரு நாள் குடுப்பாரு. அதான் உங்களுக்கும் சொல்லிட்டேன்" என்றேன்.

அண்ணா, உனக்குப் புரியும். அன்றைக்கு முழுக்க அவர் வீட்டிலேயே இருந்தார். பாப்பா வந்ததும் அவளுக்குத் தலை சீவிவிட்டார், கோணல் வகிடு. மத்தியானம் சாப்பிட்டார். நான்தான் போட்டேன்.

திங்கட்கிழமை காலையில் பாப்பாவைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்து ஒரு பையை எடுத்துக்கொண்டார். எங்கள் தெருவில் தறிக்காகப் பட்டு நூலைப் பாவாக நீளக் கட்டியிருந்தார்கள். அது தெருவை அடைத்துக்கொண்டு இருந்தால் சலித்துக்கொள்கிற ஆள், அன்றைக்கு ஓரமாக, ஒரு இழைமேல்கூடக் கை படாமல் மெல்ல நடந்து போனார். வந்தவாசி பஸ்ஸில் ஏறினதாகத் தறிக்காரர் வீட்டு அம்மா சொன்னார். திரும்பிப் பார்க்கவில்லை. நானும் கூப்பிடவில்லை.

உள்ளே வந்தால் டிவி மேல் அவருடைய போன் இருக்கிறது. பூட்டும் போடாமல் இருக்கிறது. உன்னை வேனில் ஏற்றின ஆள் பேசி அனுப்பின குரல் பதிவு, வேன் நம்பர், உன் போட்டோ, 'இவன் கை நல்ல கை' என்று அவர் எழுதி அனுப்பினது, தீபம் முடிந்து நாலாம் நாள் அங்கேயிருந்து வந்த 'கற்பூரம் ஏத்தி மாட்டிகினாங்க' என்கிற சேதி, எல்லாம் அப்படியே இருக்கிறது. மறந்துவிட்டுப் போனாரா, வேண்டுமென்றே விட்டுவிட்டுப் போனாரா, எனக்குத் தெரியவில்லை. பல் விளக்கப் போனாலும் போனைக் கையில் வைத்துக்கொள்கிற மனுஷன்.

சாயங்காலம் அதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். வாக்குமூலத்தை நானே டைப் அடித்தேன். கணவர் பெயர் என்கிற இடத்தில் ஒரு தடவை தப்பாக அடித்து, மறுபடி அடித்தேன். ஜாமீன் மனு திரும்பப் போட்டாகிவிட்டது.

பாப்பாவிடம் அப்பா வேலைக்குப் போயிருக்கிறார் என்று சொல்லியிருக்கிறேன். எத்தனை நாள் என்று கேட்டாள். பத்து நாள் என்று வாயில் வந்துவிட்டது. அப்புறம்தான் உறைத்தது.

கலை


பச்சையம்மன் துணை

7-8-2024

என் தங்கை கலைக்கு,

நீயும் பாப்பாவும் அம்மணியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும்.

உன் கடிதத்தைக் கொடுத்தபோது வார்டர் முத்திரை போட்டு, மடித்து, என் கையில் வைத்துவிட்டுத் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். மூன்று நாள் உன்மேல் கோபமாக இருந்தேன். உனக்காகத்தானே நான் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன், நீ ஒரே நாளில் அவிழ்த்துவிட்டாயே என்று. பிறகு பழனியைப் பார்த்தேன். அவருக்கும் மலைமேல் தங்கை இருக்கிறாள், இரண்டு குழந்தைகள் இருக்கின்றன. நான் வாயைக் கட்டினது அவரையும் சேர்த்து உள்ளே வைத்திருக்கிறது என்பது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அவரிடமும் கேட்டேன்.

நேற்று உத்தரவு வந்துவிட்டது. எங்கள் எட்டுப் பேருக்கும் ஜாமீன். ஏமாற்றிக் கொண்டுவரப்பட்ட கூலிகள், சொந்த ஜாமீனே போதும் என்று ஜட்ஜ் எழுதியிருக்கிறாராம். மாதம் ஒரு முறை இங்கே வந்து கையெழுத்துப் போட வேண்டும். கேஸ் நடக்கும், அது நடக்கட்டும். வருவாய் ஆய்வாளரிடம் நான் வருகிறேன் என்று சொல்லி வை. அந்த மூன்று மரத்துக்கும் கையெழுத்துப் போட வேண்டும். மண் யாருடையதாகவாவது இருக்கட்டும், மரத்தை விடமாட்டேன்.

மாப்பிள்ளையைப் பற்றி எனக்கு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அவர் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. போனை விட்டுவிட்டுப் போனார் என்று படித்ததும் அது கொஞ்சம் இறங்கினது, முழுக்க இறங்கவில்லை. வந்தால் என்ன செய்வாய் என்று உன்னைக் கேட்கமாட்டேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அப்பாவோடு முதல் முதல் வேலைக்குப் போனபோது நான் கேட்டேன். "ஒரு நாள் குடுத்தா குருவி போயிடும், அணிலு போயிடும். மரம் எங்க போவும்பா?" அப்பா கோடாலிக்குச் சாணை பிடித்துக்கொண்டு இருந்தார். "அது எங்கயும் போவ முடியாதுடா. அதுக்குத்தான் கற்பூரம். அவகாசம் குருவிக்கு, கற்பூரம் மரத்துக்கு" என்றார்.

அவருக்கு ஒரு நாள் கொடுத்தாய். அவர் போய்விட்டார். நீ அதே வீட்டில், அதே தெருவில், எல்லார் வாயிலும் விழுந்துகொண்டு, பாப்பாவுக்குப் பொய் சொல்லிக்கொண்டு நிற்கிறாய். உனக்கு யார் கலை கற்பூரம் ஏற்றினார்கள்?

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை விடுகிறார்கள். சித்தூரிலிருந்து வேலூர், வேலூரிலிருந்து ஆரணி. பஸ் ஸ்டாண்டுக்கு வர வேண்டாம். நேராக உன் வீட்டுக்குத்தான் வருகிறேன். காலனிக்கு அம்மணியைப் பிறகு கூட்டிக்கொண்டு போகிறேன். முதலில் உன் வாசலில் கொஞ்ச நாள் இருக்கிறேன்.

உன் அண்ணன்
வேடியப்பன்